ஆறு வயசும் ஒம்போது வயசும் ஒரே மேசைல: சயின்ஸ், ஹிஸ்டரிக்கு எதை எடுக்கறது?

வீட்ல ரெண்டு பிள்ளைங்க, ஒண்ணுக்கு ஒம்போது வயசு, இன்னொண்ணுக்கு ஆறு, ரெண்டு பேருக்கும் ஸ்கூல் இல்ல, ஹோம்ஸ்கூலிங் தான். கணக்கு, தமிழ், இங்கிலீஷ் எல்லாம் தனித்தனியா தான் போகணும், அதுல வேற வழி இல்ல, ஏன்னா அது படிப்படியா ஏறுற விஷயம், கூட்டல் வராதவன பெருக்கல்ல உக்கார வைக்க முடியாது. ஆனா சயின்ஸும் ஹிஸ்டரியும் அப்படி இல்ல. கறிவேப்பிலை செடில இருக்கற புழுவை ஆறு வயசுப் பையனும் பாக்கலாம், ஒம்போது வயசுப் பொண்ணும் பாக்கலாம், ராஜேந்திர சோழன் கதைய கரிகாலன் கதைக்கு முன்னாடி கேட்டா ஒண்ணும் கெட்டுப் போயிடாது. அதனால இந்த ரெண்டையும் சேத்து நடத்திட்டா அம்மாவுக்கு தினம் ஒரு மணி நேரமாவது மிச்சம். கேள்வி என்னன்னா, எதை வச்சு நடத்தறது? ஜூன் வந்தாலே எங்க பக்கத்து ஹோம்ஸ்கூல் அம்மாக்கள் எல்லாம் இதைத்தான் பேசிட்டிருப்பாங்க. நானும் பாத்தவரைக்கும் எழுதறேன், நாங்க இருக்கறது கோயமுத்தூர், அதனால உதாரணம் எல்லாம் இந்த பக்கமா தான் வரும், நீங்க உங்க ஊருக்கு மாத்திக்கோங்க.

முதல்ல பரீட்சை பயத்தை ஓரமா வச்சிடலாம். என்ஐஓஎஸ்ல, அதாவது ஸ்கூல் போகாமலே பரீட்சை எழுத விடற மத்திய அரசு திறந்தநிலைப் பள்ளில, பத்தாவது எழுத 14 வயசு ஆகணும், அதுலயும் மொழிப்பாடம் உட்பட அஞ்சு சப்ஜெக்ட் நாமளே தேர்ந்தெடுக்கறது தான், சயின்ஸ் கட்டாயம்னு கூட கிடையாது. நடுவுல ஏதாச்சும் சர்டிபிகேட் வேணும்னா ஓபன் பேசிக் எஜுகேஷன்னு அவங்களே மூணு லெவல் வச்சிருக்காங்க, ஏ-ன்னா மூணாவதுக்கு சமம், பி அஞ்சாவதுக்கு, சி எட்டாவதுக்கு. ஆக இந்த வயசுல "சிலபஸ் முடியலயே"ன்னு யாரும் வந்து கேக்கப் போறதில்ல. ஒரே ஒரு விதிவிலக்கு, ரெண்டு வருஷத்துல திரும்ப ஸ்கூல்ல சேக்கற எண்ணம் இருந்தா கணக்கே வேற, அதை கீழ சொல்றேன்.

சரி, கைல இருக்கற ஆப்ஷன்ஸ். சும்மா கிடைக்கறதுல இருந்து ஆரம்பிப்போம்.

நம்ம தமிழ்நாடு பாடநூல். ஒண்ணு ரெண்டாவதுக்கு சூழ்நிலையியல்னு ஒரே பாடம், மூணாவதுல இருந்து அறிவியல் தனி, சமூக அறிவியல் தனி. பிடிஎஃப் ஃப்ரீயா கிடைக்குது, தமிழ் மீடியம் இங்கிலீஷ் மீடியம் ரெண்டும் இருக்கு, படமெல்லாம் முன்ன மாதிரி இல்ல, நல்லாவே இருக்கு. ஹிஸ்டரிக்கு இதுல ஒரு பெரிய ப்ளஸ், மூவேந்தர் பல்லவர்னு நம்ம ஊர் ராஜாக்கள் சின்ன வகுப்புலயே வந்துடறாங்க, வேற எந்த புக்லயும் இந்த வயசுக்கு அது கிடையாது. ஆனா ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வைக்கணும்னு வந்தா இடிக்குது. பெரியவளோட நாலாவது புக்ல ஒரு பாடம் ஓடும், சின்னவனோட ஒண்ணாவது புக்ல சம்பந்தமே இல்லாம வேற ஓடும், நீங்க ரெண்டு டீச்சரா மாறிடுவீங்க. பெரியவ புக்கை மட்டும் வச்சு ரெண்டு பேருக்கும் வாசிக்கலாமேன்னா, வாசிக்கறதுக்குன்னு எழுதின நடை இல்ல அது. நாலு வரி தகவல், ஒரு பெட்டிச் செய்தி, அப்புறம் "சரியான விடையைத் தேர்ந்தெடு". சத்தமா வாசிச்சுப் பாருங்க, ரெண்டாவது பாராவுல சின்னவன் எழுந்து போயிடுவான். என் கணக்குல இது அலமாரில இருக்க வேண்டிய புக், தேவைப்படறப்ப எடுத்துப் பாக்க. திரும்ப ஸ்கூல் போகப் போற பிள்ளைங்கன்னா மட்டும் இதையே மெயினா வச்சுக்கோங்க, ஏன்னா சேக்கறப்ப அவங்க எதிர்பாக்கறது இந்த வார்த்தைகளைத் தான்.

அடுத்தது என்சிஇஆர்டி, சிபிஎஸ்இ ஸ்கூல்ல ஓடற மத்திய அரசு புக். மூணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் சயின்ஸையும் சோஷியலையும் கலந்து இவிஎஸ்னு ஒரே பாடமா வச்சிருக்காங்க. பழைய 'லுக்கிங் அரவுண்ட்' புத்தகங்கள் எனக்கு ரொம்ப புடிக்கும், குடும்பம், சாப்பாடு, வீடு, தண்ணி, பயணம், நாம செய்யற பொருட்கள்னு ஆறு விஷயத்தையே மூணு வருஷமும் திரும்பத் திரும்ப எடுப்பாங்க, ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் ஆழமா. சேத்து நடத்தறவங்களுக்கு இது ரொம்ப சௌகரியம், தண்ணின்னு எடுத்தா மூணாவது புக் பாடம் சின்னவனுக்கு, அஞ்சாவது புக் பாடம் பெரியவளுக்கு, பேசறது ரெண்டு பேருக்கும் ஒண்ணா. 2024-ல இருந்து புது புக் வர ஆரம்பிச்சிடுச்சு, மூணாவதுக்கு 'அவர் வொண்ட்ரஸ் வேர்ல்ட்'னு பேரு. பழசு பிடிஎஃப் யார்கிட்டயாவது இருந்தா வாங்கி வச்சுக்கோங்க. ஆனா ஹிஸ்டரின்னு இதுல வரிசையா ஒண்ணும் கிடையாது, பழைய அஞ்சாவது புக்ல கோல்கொண்டா கோட்டை பத்தி ஒரு பாடம் வருது, நல்ல பாடம், அவ்வளவு தான், முறையா ஹிஸ்டரி ஆரம்பிக்கறது ஆறாவதுல. அதனால இவிஎஸ் வச்சா சயின்ஸ் பக்கம் பாதி தீரும், ஹிஸ்டரிக்கு வேற ஏதாச்சும் தேடித் தான் ஆகணும்.

இப்ப வெளிநாட்டு சமாச்சாரம். ஹோம்ஸ்கூலிங்னு கூகுள்ல தட்டினா வர்றதெல்லாம் அமெரிக்கா தான், அங்க தான் இதுக்குன்னே மார்க்கெட் இருக்கு. ஹிஸ்டரில எல்லாரும் சொல்ற பேரு சூசன் வைஸ் பாயர் எழுதின 'ஸ்டோரி ஆஃப் தி வேர்ல்ட்'. நாலு வால்யூம்: பழங்காலம், மத்திய காலம், அதுக்கப்புறம் ஆரம்ப நவீன காலம், கடைசியா நவீன காலம், வருஷத்துக்கு ஒண்ணு. கதை மாதிரி சத்தமா வாசிக்கறதுக்குன்னே எழுதினது. கூட ஒரு ஆக்டிவிட்டி புக் தனியா வாங்கலாம், அதுல மேப், கலரிங், கேக்க வேண்டிய கேள்வி எல்லாம் இருக்கும். சேத்து நடத்தறதுன்னு பாத்தா இதை அடிச்சுக்க ஆள் இல்ல, இதை நான் ஒத்துக்கறேன். ஒரு அத்தியாயம் வாசிக்க கால் மணி நேரம், சின்னவன் கலர் அடிச்சுக்கிட்டே கேப்பான், பெரியவ மேப்ல நைல் நதிய குறிச்சு வைப்பா, முடிஞ்சதும் ரெண்டு பேரும் கேட்டதை அவங்க வார்த்தைல திருப்பிச் சொல்லணும். இங்கிலீஷ் வேணாம்னா நான் பண்ற மாதிரி கண்ணு இங்கிலீஷ்ல ஓட வாய் தமிழ்ல சொல்லலாம், முதல்ல நாக்கு தடுமாறும், அப்புறம் பழகிடும், சொல்லப் போனா அப்படி சொல்றப்ப தான் சின்னவன் நடுவுல கேள்வி கேக்கறான்.

குறைன்னா, இது அங்க உக்காந்து எழுதினது. எகிப்து, கிரீஸ், ரோம், அப்புறம் ஐரோப்பா, அது தான் முதுகெலும்பு. இந்தியா வர்றப்ப மொகஞ்சதாரோ, புத்தர், மௌரியர், குப்தர்னு வடக்குப் பக்கமாவே போயிடும், தெற்குக்கு எடம் ரொம்பக் கம்மி. அதை மட்டும் படிச்சு வளர்ற பிள்ளைக்கு தஞ்சாவூர் பெரிய கோயில் ஒரு டூர் ஸ்பாட்டா மட்டும் தான் தெரியும். இதுக்காக புக்கையே தூக்கிப் போட வேண்டியதில்ல, நிறுத்த வேண்டிய இடத்துல நிறுத்தினா போதும். அசோகர் அத்தியாயம் வந்தா நிறுத்தி, அவரோட கல்வெட்டுலயே சோழர், பாண்டியர், கேரளபுத்திரர், சத்தியபுத்திரர்னு நம்ம ஆளுங்க பேரு இருக்குன்னு சொல்லணும், அவரோட எல்லைக்கு வெளில இருந்தவங்கன்னு மேப்ல காட்டணும். ரோம் வந்தா, ரோமோட வியாபாரம் நடந்த புதுச்சேரி பக்கத்து அரிக்கமேடு. கோயமுத்தூர்க்காரங்களுக்கு அதுவும் வேண்டாம், வெள்ளலூர்ல ரோமன் காசு புதையலாவே கிடைச்சிருக்கு, சிட்டி பஸ்ல போற தூரம். சீனா வர்றப்ப 1015-லயே சோழர் தூதர்கள் அங்க போய்ச் சேந்தாங்கன்னு ஒரு வரி. இந்த மாதிரி சொருகற வேலைய செய்ய மனசு இருக்கறவங்களுக்கு இந்த புக் நல்ல சாய்ஸ், அப்படியே தொடக்கம் முதல் முடிவு வரைக்கும் வாசிச்சிட்டுப் போறவங்களுக்கு வேணாம்.

இதுக்கு நேர் எதிர் வழி ஒண்ணு இருக்கு, வீட்ல இருந்து ஆரம்பிச்சு வெளிய போறது. புக்கே கிடையாது. முதல்ல பாட்டி தாத்தா, அவங்க சின்ன வயசுல நொய்யல்ல தண்ணி எப்படி ஓடிச்சு, கரன்ட் எப்ப வந்துச்சு, அப்புறம் தெரு, ஊர், ஜில்லா. எங்க பக்கமே எவ்வளவு இருக்கு பாருங்க. சுண்டக்காமுத்தூர் பக்கத்துல பாறைல ராஜகேசரிப் பெருவழின்னு கல்வெட்டு, தமிழ்லயும் வட்டெழுத்துலயும் வெட்டி வச்சிருக்காங்க, பாலக்காட்டுக் கணவாய் வழியா போன ரோட்டுக்கு சோழர் காலத்து போர்டு அது. சென்னிமலை பக்கம் கொடுமணல், நொய்யல் கரைல. பதிற்றுப்பத்துல கொடுமணம்னு வர்ற ஊர். தோண்டினப்ப இரும்பு உருக்கின உலை, கல்மணி செஞ்ச பட்டறை, தமிழ் பிராமி எழுத்து கீறின பானை ஓடு எல்லாம் கிடைச்சது. மதுரைக்காரங்களுக்கு கீழடி சொல்லவே வேண்டாம், 2014-15-ல தோண்ட ஆரம்பிச்சாங்க, 2023 மார்ச்ல மியூசியம் திறந்தாச்சு, கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்கு போகுதுங்கறதை பிள்ளைங்க மறந்துடுவாங்க, ஆனா அங்க கிடைச்ச வட்டச் சில்லை மறக்க மாட்டாங்க. பாண்டி ஆடறதுக்கு நாம ஓடு உடைச்சு தேய்ச்சு வட்டமா வச்சுப்போம்ல, அதே தான். சின்னவன் அதைப் பாத்துட்டு "இதை யாரு தொலைச்சாங்க?"ன்னு கேட்டான், எனக்கு அதுக்கு மேல ஒரு ஹிஸ்டரி கேள்வி கேக்கத் தெரியாது.

ஆனா இதை நல்லா நடத்தறது கஷ்டம்ங்க, இன்ஸ்டால போட்டோ பாக்கறப்ப தெரியாது. யாரும் ரெடி பண்ணி வச்சது இல்ல, அம்மா முதல் நாள் ராத்திரி உக்காந்து படிக்கணும். வெயில்ல எல்லா இடத்துக்கும் போக முடியாது, கொடுமணல்ல போய் நின்னா கண்ணுக்கு வயக்காடு தான் தெரியும், தோண்டின குழியெல்லாம் மூடியாச்சு, பிள்ளைங்க "எங்கம்மா உலை?"ன்னு முகத்தைப் பாக்கும். அதை விட பெரிய சிக்கல், வரிசை வராது. போன வாரம் பல்லவர், இந்த வாரம் பாட்டி கதை, அடுத்த வாரம் திப்பு சுல்தான்னு போனா ஒம்போது வயசுக்கு எது முன்ன எது பின்னன்னு ஒரே குழப்பம் ஆயிடும். இன்னொண்ணும் சொல்லணும், வாட்ஸ்அப்ல சுத்தற "உலகத்துலயே முதல்ல நாம தான்" டைப் ஃபார்வர்ட் எல்லாம் இந்த வழில தான் உள்ள நுழையும். தூத்துக்குடி ஜில்லா சிவகளைல தோண்டி எடுத்த சாம்பிளை வச்சு இரும்போட காலம் கி.மு. 3345 வரைக்கும் போகுதுன்னு தமிழ்நாடு அரசு 2025 ஜனவரில அறிவிச்சது, அதை சொல்றப்பவே எதை வச்சு அந்த தேதி சொல்றாங்க, ஆராய்ச்சியாளர்கள் ஏன் இன்னும் அதைப் பத்தி பேசிட்டிருக்காங்கன்னும் பெரியவளுக்கு சொன்னா தான் அது ஹிஸ்டரி.

ஆக ஹிஸ்டரிக்கு என் ஓட்டு எதுக்குன்னா, முதுகெலும்பு 'ஸ்டோரி ஆஃப் தி வேர்ல்ட்' மாதிரி வரிசையா போற கதை புக், அதுல நம்ம ஊரை சொருகறது. தலைகீழா பண்றவங்களும் இருக்காங்க, தமிழ்நாட்டை வரிசையா எடுத்து உலகத்தை சொருகறாங்க, அது இன்னும் நல்லது தான், ஆனா அதுக்கு இந்த வயசுக்கு சத்தமா வாசிக்கற மாதிரி தமிழ்ல ஒரு முழு கதை வரிசை வேணும், என் கண்ணுக்கு இன்னும் தட்டுப்படல. ரெண்டு வழிக்கும் ஒரு டைம்லைன் கட்டாயம். ஹால்ல ஒரு நைலான் கயிறு, துணி க்ளிப், பழைய காலண்டர் அட்டைய வெட்டி கார்டு. ஒரு முழத்துக்கு 500 வருஷம்னு வச்சா பிரமிடுக்கும் பெரிய கோயிலுக்கும் நடுவுல ஏழு முழம் போகும், பெரிய கோயில்ல இருந்து இன்னைக்கு வர ரெண்டே முழம். இதை வாயால எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது, கயித்துல நடந்து பாத்தா ஏறும்.

சயின்ஸுக்கு வந்தா என் நினைப்பு அப்படியே மாறுது. ஹிஸ்டரிக்கு வெளிநாட்டு புக் பரவால்லன்னு சொன்ன நானே சயின்ஸுக்கு வேண்டவே வேண்டாம்னு தான் சொல்வேன். காசுக்காக இல்ல, காசும் தான், கிட்டோட விலைய விட ஷிப்பிங் கண்ணைக் கட்டும். முக்கிய காரணம், அந்த வானம் வேற. அமெரிக்க புக்ல மத்தியானம் சூரியன் தெற்கு பக்கம் இருக்கும்னு போட்டிருக்கும். கோயமுத்தூர்ல ஜூன் மாசம் மொட்டை மாடில நின்னு பாருங்க, உச்சி வெயில்ல நிழல் தெற்கு பக்கம் விழும், அதாவது சூரியன் வடக்குல. வருஷத்துல ரெண்டு நாள் உச்சி நேரத்துல நேரா நிக்கற குச்சிக்கு நிழலே இருக்காது, இங்க அது ஏப்ரல் மூணாவது வாரத்துல ஒண்ணு, ஆகஸ்ட் கடைசி வாரத்துல ஒண்ணு. ஹவாய் தவிர அமெரிக்கால எங்கயும் அது நடக்காது, அதனால அந்த புக்ல அது இருக்கவே இருக்காது. நாலு சீசன்னு ஸ்னோ, இலையுதிர் காலம்னு ஒர்க்‌ஷீட், ஓக் மரம், மேப்பிள் இலை, ராபின் குருவி. ஆறு வயசுப் பையன் ஜன்னலுக்கு வெளிய இருக்கற வேப்ப மரத்தை விட்டுட்டு மேப்பிள் இலைக்கு கலர் அடிக்கறதுல என்ன சயின்ஸ் இருக்கு?

வீடியோ சப்ஸ்கிரிப்ஷன் ஆப்புகள் பத்தி கேப்பீங்க. ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வைக்க அதை விட ஈஸி எதுவும் இல்ல, உண்மை தான், மழை நாளுக்கும் அம்மாவுக்கு காய்ச்சல் வர்ற நாளுக்கும் வச்சுக்கலாம். ஆனா வாரா வாரம் அதையே வச்சா பாக்கறதோட முடிஞ்சிடும், கை வேலை செய்யாது.

இதுல நிறைய பேருக்கு தெரியாத ஒண்ணு இருக்கு, 'ஸ்மால் சயின்ஸ்'. மும்பைல டாடா ஆராய்ச்சி நிறுவனத்தோட ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் போட்டது. மூணு, நாலு, அஞ்சாவதுக்கு பாடப் புக், ஒர்க்புக், டீச்சர் புக்னு மூணு மூணா இருக்கு, அவங்க வெப்சைட்ல ஃப்ரீ. மினி, அப்புன்னு ரெண்டு பிள்ளைங்க கதைல ஆரம்பிச்சு உடனே "நீ போய் பாரு, எண்ணு, வரை"ன்னு வெளிய தள்ளிடும், விடை கடைசி வரைக்கும் சொல்லாது. எறும்பு, செடி, உடம்பு, சாப்பாடு, அளக்கறது, வீடு கட்டறது, இது மாதிரி தான் விஷயமெல்லாம், எல்லாமே நம்ம வீட்டு சாமான். டீச்சர் புக் தான் தங்கம், பிள்ளைங்க எந்த தப்பான நினைப்போட வருவாங்க, எப்படி கேள்வி கேக்கணும்னு பக்கம் பக்கமா இருக்கு. மூணாவது புக்கை ரெண்டு பேருக்கும் பொதுவா வச்சுக்கலாம், ஒம்போது வயசுக்கு ஒர்க்புக் எழுத்து, ஆறு வயசுக்கு படம். குறைன்னா அச்சு கருப்பு வெள்ளைல சாதாரணமா தான் இருக்கும், இங்கிலீஷ், பளபளன்னு எதிர்பாக்கற பிள்ளைங்க முதல்ல மூஞ்சிய சுளிக்கும்.

கூட அரவிந்த் குப்தா. ஐஐடி கான்பூர்ல படிச்சிட்டு குப்பைல இருந்து பொம்மை செஞ்சே வாழ்க்கைய ஓட்டின மனுஷன், 2018-ல பத்மஸ்ரீ. தீக்குச்சி, சைக்கிள் வால்வ் ட்யூப், ஸ்ட்ரா, பழைய செருப்பு இவ்வளவு தான் சாமான், வீடியோவும் புக்கும் அவர் சைட்ல கொட்டிக் கிடக்கு. ஆனா இது கரிகுலம் இல்ல, ஒரு மோட்டார் செஞ்சு சுத்த விட்டு கைதட்டிட்டு போயிடலாம், ஏன் சுத்துதுன்னு யோசிக்க வைக்கறது நம்ம வேலை. அதனால இது கூட்டுப் பொருள் தான், மெயின் இல்ல.

அப்புறம் நேச்சர் ஸ்டடி. ஷார்லட் மேசன்னு இங்கிலாந்துல ஒரு அம்மா, 1842-ல பொறந்து 1923-ல இறந்தவங்க, சின்ன பிள்ளைங்களுக்கு சயின்ஸ்னா வெளிய போய் பாத்து நோட்டுல வரையறது தான்னு சொன்னாங்க, பல ஹோம்ஸ்கூல் வீடுகள் இன்னைக்கும் அதைப் பிடிச்சிட்டு தான் போகுது. இதை நம்ம ஊருக்கு மாத்தறது ரொம்ப சுலபம். ஒரு மரத்தை பிடிச்சுக்கிட்டு வாரம் ஒரு தடவை பூ, காய், தளிர் பாத்து எழுதறது, சீசன்வாட்ச்னு இதையே நாடு முழுக்க பண்றாங்க, நாமளும் சேந்துக்கலாம். பொங்கல் லீவுல பறவை கணக்கெடுப்பு, கால் மணி நேரம் மொட்டை மாடில நின்னு எண்ணினா போதும், சிங்காநல்லூர் குளத்துக்கு போனா நீர்க்காகம், கூழைக்கடான்னு சின்னவனே எண்ணலாம், பெரியவ ஆப்ல ஏத்தலாம். நிலாவுக்கு எந்த புக்கும் வேண்டாம், சுவத்துல தொங்கற தினசரி காலண்டர் தாள்லயே வளர்பிறை தேய்பிறை போட்டிருக்கும், கிழிச்ச தாளோட பின்பக்கத்துல அன்னைக்கு பாத்த நிலாவ வரைஞ்சு வச்சா ஒரு மாசத்துல வரிசையா ஒரு கட்டு சேந்துடும்.

ஆக சயின்ஸுக்கு 'ஸ்மால் சயின்ஸ்' நடுவுல, நேச்சர் ஸ்டடி வாரா வாரம், பாடத்தோட வரிசை பருவத்தை பாத்து. ஜூன்ல காத்து, பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து அடிக்கற காத்துல பட்டமும் காத்தாடியும் தானா பாடம் நடத்தும். ஐப்பசில மழை, பாட்டில வெட்டி ஸ்கேல் ஒட்டி மழைமானி. மார்கழில பறவை. சித்திரைல வேப்பம்பூ, கொன்றை, நிழல். புக்ல எந்த பாடம் எந்த பக்கம் இருந்தாலும் அது நமக்கு சம்பந்தமில்ல, தாண்டித் தாண்டி எடுக்கலாம்.

இப்ப ஒரு பெரிய ஆசைய பத்தி சொல்லணும், ரெண்டையும் கட்டிப் போடற ஆசை. ஹிஸ்டரிய நாலு வருஷமா பிரிச்சு வரிசையா போற கிளாசிக்கல் முறைல அழகா ஒரு அட்டவணை போடுவாங்க, பழங்கால ஹிஸ்டரி படிக்கற வருஷம் விலங்கு, உடம்பு, தாவரம், மத்திய காலம் படிக்கற வருஷம் பூமியும் வானமும், அடுத்த வருஷம் கெமிஸ்ட்ரி, நவீன காலத்தோட ஃபிசிக்ஸ். யூனிட் ஸ்டடின்னு ஒரே விஷயத்தைச் சுத்தி எல்லா பாடத்தையும் நடத்தறவங்க இன்னும் ஒரு படி மேல, எகிப்து வந்தா மம்மிய வச்சு உப்பு சோதனை, ரோம் வந்தா எரிமலை. பேப்பர்ல பாத்தா மனசு அள்ளும். நடத்திப் பாத்தவங்க சொல்றது வேற, ஒரு பக்கம் ஹிஸ்டரி பின்தங்கினா சயின்ஸும் சேந்து நிக்கும், எட்டு வயசுப் பிள்ளைக்கு ஒரு வருஷம் முழுக்க கெமிஸ்ட்ரின்னா சமையல் சோடாவும் வினிகரும் தவிர என்ன இருக்கு, அதை எத்தனை தடவை பொங்க விடறது. அந்த வருஷம் பூரா பறவை வந்துட்டு போயிடும், "இது பயாலஜி வருஷம் இல்ல"ன்னு அதுகிட்ட சொல்ல முடியுமா. அதனால ரெண்டையும் தனித்தனி ரோட்டுல விடறது தான் நல்லதுன்னு எனக்கு படுது.

தானா சேர்ற இடம் வந்தா மட்டும் விடக்கூடாது. கொடுமணல் அப்படி ஒண்ணு. ஒரு காந்தத்தை பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஆத்து மணல்ல தேய்ச்சு எடுங்க, கவர் மேல கருப்பா முள்ளு முள்ளா மணல் ஒட்டிக்கிட்டு வரும். இரும்புத் தாது அது. காந்தத்தை கவர்ல இருந்து வெளிய எடுத்தா பொலபொலன்னு கொட்டிடும், சின்னவன் இதை அரை மணி நேரம் பண்ணிட்டே இருப்பான், கப்புல சேத்து வைப்பான். அப்ப பெரியவகிட்ட கேளுங்க, இது மாதிரி தாதுல இருந்து கத்தி செய்யணும்னா என்னென்ன வேணும்? நெருப்பு, சரி. அடுப்பு நெருப்பு போதுமா? கரி எதுக்கு? துருத்தி எதுக்கு? ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி இதே நொய்யல் கரைல ஒருத்தங்க இந்த கேள்விக்கெல்லாம் விடை தெரிஞ்சு வச்சிருந்தாங்கன்னு அப்புறமா சொன்னா போதும். அன்னைக்கு ஹிஸ்டரியும் சயின்ஸும் தனியா போட வேண்டாம்.

சேத்து உக்கார வைக்கறதுல நடைமுறை தொல்லை ஒண்ணு, எல்லா கேள்விக்கும் பெரியவ முந்திக்குவா. சின்னவன் வாயே திறக்க மாட்டான், அப்புறம் அவனுக்கு அது அக்கா கிளாஸ். எங்க வீட்ல சட்டம் என்னன்னா வாசிச்சு முடிச்சதும் முதல்ல சின்னவன் சொல்லணும், ஒரு வரியா இருந்தாலும் சரி, தப்பா இருந்தாலும் சரி, அக்கா திருத்தக் கூடாது, அவன் விட்டதைத் தான் அவ சொல்லணும். "தம்பி சொல்லாதது என்ன இருக்கு பாப்பா?"ன்னு கேட்டா அவளுக்கும் அது சவாலா இருக்கு. எழுத்து வேலை அவளுக்கு மட்டும், நாலஞ்சு வரி, அவன் படம் வரைஞ்சு கீழ சொல்றதை நான் எழுதிக் கொடுப்பேன். வயசு வித்தியாசம் மூணு நாலுன்னா இது ஓடும். அஞ்சும் பதினொண்ணும்னா ஓடாதுங்க, அங்க ஹிஸ்டரி மட்டும் சேத்து கேக்கட்டும், சயின்ஸ்ல பெரியவங்களுக்கு தனியா வேணும், இல்லன்னா அந்த பதினோரு வயசுப் பிள்ளை தம்பிய பாத்துக்கற ஆளா ஆயிடும்.

ஆறு வயசுக்கு எந்த அளவு ரத்தம், போர், தலை வெட்டறது சொல்லலாம்ங்கறதும் பாத்துக்கணும், ஹிஸ்டரி புக் எதுவுமே அதுல இருந்து தப்பல. 'ஸ்டோரி ஆஃப் தி வேர்ல்ட்'ல முதல் ரெண்டு வால்யூம் கதை மாதிரி போறதால சமாளிக்கலாம், முந்தின நாள் நீங்க ஒரு தடவை கண்ணை ஓட்டிட்டு ரெண்டு வரிய விழுங்கிடுங்க. நாலாவது வால்யூம் அப்படி இல்ல, ரெண்டு உலகப் போர், ஹிட்லர்னு போகும், அதை எழுதினவங்களே கொஞ்சம் பெரிய பிள்ளைங்களுக்குன்னு தான் சொல்றாங்க. இந்த ஜூன்ல ஆரம்பிச்சா அங்க போய் சேர்றப்ப சின்னவனுக்கு ஒம்போது, பெரியவளுக்கு பன்னெண்டு. அவளுக்கு அப்ப இந்த நடை சின்னதாயிடும், அவ தனியா வாசிக்க வேற புக் கொடுக்க வேண்டி வரும், அது மூணாவது வால்யூம்லயே தொடங்கினாலும் ஆச்சரியமில்ல. அதனால செட்டா வாங்கினா டிஸ்கவுன்ட்னு நாலையும் சேத்து வாங்காதீங்க, முதல் வால்யூமும் அதோட ஆக்டிவிட்டி புக்கும் மட்டும் போதும், 'ஸ்மால் சயின்ஸ்' மூணாவது டீச்சர் புக்கை ஜெராக்ஸ் கடைல பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டுக்கோங்க, ஒரு நல்ல காந்தம், ஒரு பூதக்கண்ணாடி, ஆளுக்கொரு கோடு போடாத நோட்டு, க்ளிப் ஒரு டஜன். மிச்ச காசு பெட்ரோலுக்கு.